பனிக்கட்டி ஒளித்து வைத்த உஷ்ணம்

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிப் பக்கமாக, முகப்பு வட்டமாய் வளைந்து கடலைப் பார்த்து நிற்கும் பழைய கட்டடம் ஒன்று உண்டு. 1897ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், மேல்நாட்டு யாத்திரையை முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கியிருந்த இல்லம் அது. அவருடைய பெயராலேயே அது இப்போது வழங்குகிறது. ஆயினும் அந்தப் பேட்டையில் வாழ்வோர் நாவில் 'ஐஸ்ஹவுஸ்' என்ற பழைய பெயரே இன்னும் நிலைத்திருக்கிறது. அப்பெயர் காரணப்பெயர்தான். 1842ஆம் ஆண்டில் அக்கட்டடம் எழுப்பப்பட்டது மனிதர் குடியிருப்பதற்காக அன்று; அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் பிரதேசத்துக் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த நீரைப் பாளம் பாளமாக அறுத்து, கப்பலேற்றி, பாதி உலகைச் சுற்றிக் கொண்டுவந்து, சித்திரை வைகாசி வெயிலிலும் உருகாமல் சேமித்து வைப்பதற்காகவே அது கட்டப்பட்டது.

பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடெரிக் டூடர் என்பவர் இந்த வியாபாரத்தைத் தொடங்கியபோது அவரைப் பித்தர் என்று ஊரார் எள்ளினர். அவரோ மனந்தளராமல் முதலில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும், பிறகு இந்தியாவுக்கும் பனிக்கட்டி அனுப்பலானார். 1833ஆம் ஆண்டு மே மாதத்தில் 'டஸ்கனி' என்ற பாய்மரக் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது; அட்லாண்டிக் சமுத்திரத்தில் தெற்கு நோக்கிச் சென்று, பூமத்திய ரேகையை ஒருமுறை கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, இந்து மகாசமுத்திரத்தில் அதே ரேகையை மறுமுறையும் கடந்து, நான்கு மாதங்களுக்குப் பிறகு செப்டம்பரில் அக்கப்பல் கல்கத்தாவை அடைந்தபோது, அதன் வயிற்றில் சுமார் 100 டன் பனிக்கட்டி கரையாமல் மிஞ்சியிருந்தது. குளிரூட்டும் யந்திரம் எதுவும் அந்தக் கப்பலில் இல்லை. பனிக்கட்டியைச் சுற்றிலும் உலர்ந்த மரப்பட்டைத் தூள் அடைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கோடைகாலத்தில் கடையிலிருந்து ஒரு துண்டு ஐஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவரும் சிறுவன், தெருக்கோடியைத் தாண்டுமுன் அது கையிலேயே கரைந்து வழிவதைக் கண்டிருப்பான். அப்படியிருக்க, உஷ்ணமண்டலத்தின் ஊடாக நான்கு மாதம் பிரயாணம் செய்த பனிக்கட்டியில் பாதிக்கு மேல் எவ்வாறு பிழைத்தது? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு வேண்டிய பௌதிக சாஸ்திரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் படித்து முடிக்கப்படும் பாடங்களிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் அப்பாடங்களை நாம் படிக்கிற முறையில் ஒரு குறை இருக்கிறது. 'உஷ்ணம் என்பது ஒருவகைச் சக்தி. உஷ்ணநிலை என்பது ஒரு பொருள் எவ்வளவு சூடாயிருக்கிறது என்பதன் அளவு' என்ற இரண்டு வாக்கியங்களை நானும் சிறுவயதில் உருப்போட்டு ஒப்பித்து மதிப்பெண் பெற்றேன். ஆனால் இரண்டு சொற்கள் எதற்காக வேண்டும், ஒன்று போதாதா என்ற கேள்வி என் மனத்தில் எழவும் இல்லை, யாரும் எழுப்பவும் இல்லை. உண்மையில், அந்த இரண்டு சொற்களையும் பிரித்தறிவதற்கு மனித சமுதாயம் பல ஆயிரம் வருஷங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவினை தெளிவாகிவிட்டால், கப்பலில் வந்த பனிக்கட்டி மட்டுமல்ல, இட்லிப் பானையும் மண்பானையும் கடற்காற்றும் ஒரே கதையின் பகுதிகளாகத் தெரியும்.

தீபாவளி இரவில் கம்பி மத்தாப்புக் கொளுத்தாத பிள்ளைகள் நம் நாட்டில் அரியர். அதிலிருந்து தெறிக்கும் பொறிகள் ஒவ்வொன்றும் ஆயிரம் டிகிரியை எட்டுமளவு காய்ந்த உலோகத் துகள்கள். அவை புறங்கையில் வந்து விழும்போது 'சுருக்'கென்ற உணர்ச்சியோடு அவிந்துவிடுகின்றன. மத்தாப்பு எரிந்து முடிந்த பிறகு, ஒளியெல்லாம் அடங்கிக் கறுத்துப்போன கம்பியை அறியாமல் மிதித்தவன் மட்டும் கொப்புளத்தோடு அழுகிறான். பொறியைவிடக் கம்பியின் உஷ்ணநிலை மிகக் குறைவு. ஆனால் பொறியில் உள்ள பதார்த்தம் எள்ளில் ஒரு சிறு பங்குகூடத் தேறாது என்பதால், அது நம் தோலுக்குக் கொடுக்கக்கூடிய உஷ்ணமும் அற்பமானது. கம்பியில் பதார்த்தம் அதிகம். அதன் பொக்கிஷத்தில் உஷ்ணமும் அதிகம். ஒரு குளத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்பது வேறு, அக்குளத்தில் எத்தனை குடம் நீர் உண்டு என்பது வேறு என்பது குழந்தைக்கும் தெரியும். உஷ்ணநிலை நீர்மட்டத்தைப் போன்றது. உஷ்ணம் நீரைப் போன்றது. மட்டம் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு நீர் ஓடுவதுபோல, உஷ்ணநிலை உயர்ந்த பொருளிலிருந்து தாழ்ந்த பொருளுக்கு உஷ்ணம் ஓடுகிறது.

இந்த வேற்றுமையை அறிய நம் கை உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மார்கழி விடியற்காலையில் கூடத்துப் பித்தளைச் செம்பைத் தொட்டால் விரல் சில்லிட்டுப் போகிறது. பக்கத்திலேயே கிடக்கும் மரப்பலகையைத் தொட்டால் அவ்வளவு குளிர்ச்சி இல்லை. இரவெல்லாம் ஒரே கூடத்தில், ஒரே காற்றில் கிடந்த இரண்டும் ஒரே உஷ்ணநிலையில்தான் இருக்கின்றன. விரலிலிருந்து உஷ்ணத்தைப் பித்தளை விரைந்து கடத்திச் செல்கிறது. மரம் அப்படிக் கடத்துவதில்லை. கை சொல்வது பொருளின் உஷ்ணநிலையை அன்று. தன்னிடமிருந்து உஷ்ணம் பறிபோகும் வேகத்தையே சொல்கிறது. ஒரு கையைச் சுடுநீரிலும் மற்றொன்றைக் குளிர்ந்த நீரிலும் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் வெதுவெதுப்பான ஒரே நீரில் அமிழ்த்தினால், ஒரு கை 'குளிர்' என்றும் மறு கை 'சூடு' என்றும் சாட்சி சொல்லும் விந்தையை ஜான் லாக் என்னும் ஆங்கிலத் தத்துவஞானி 17ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். இவ்விதம் பொய்ச்சாட்சி சொல்லும் கையை விலக்கிவிட்டு, நடுநிலையான ஒரு கருவியை நாடவேண்டிய அவசியத்திலிருந்தே உஷ்ணமானி பிறந்தது. டான்சிக் நகரில் பிறந்த பாரன்ஹீட் 1714இல் பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து நம்பத்தக்க உஷ்ணமானியை உண்டாக்கினார். சுவீடன் தேசத்து வானநூலாரான செல்சியஸ் 1742இல் நீரின் உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடைப்பட்ட தூரத்தை நூறாகப் பகுத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநிலைக்குச் சூன்யமும் உறைநிலைக்கு நூறும் கொடுத்திருந்தார். அதைத் தலைகீழாகத் திருப்பியது பின்வந்தோர் வேலை.

உஷ்ணமானி வந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. பாதரசம் ஏறினால் உஷ்ணம் சேர்ந்தது, ஏறாவிட்டால் சேரவில்லை என்று எல்லோரும் கருதினார்கள். பனிக்கட்டி உருகும் நிலையை அடைந்துவிட்டால், அதன்பிறகு ஒரு துளி உஷ்ணம் கொடுத்தாலே அது முழுவதும் நீராகிவிடும் என்பதே அக்காலத்துப் பண்டிதர்களின் எண்ணம். இதை மறுத்தவர் ஜோசப் பிளாக். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ரசாயனமும் வைத்தியமும் போதித்து வந்த அந்த ஆசிரியர் ஒரு சாதாரணமான காட்சியைச் சிந்தித்தார். இவர்கள் சொல்வது மெய்யானால், வசந்தகாலத்தில் வெயில் சற்றே ஏறிய முதல் நாளில் மலைகளின்மேல் கிடக்கும் பனி முழுவதும் ஒரே நொடியில் நீராகி, பள்ளத்தாக்குகளிலுள்ள ஊர்களையெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை, பனி வாரக்கணக்கில் நின்று நிதானமாக உருகுகிறது. இமயத்தின் பனி கோடை முழுவதும் கசிந்து கங்கையில் நீர் பெருக்குவதை அறிந்த நமக்கு அவருடைய தர்க்கத்தின் வலிமை உடனே விளங்கும்.

ஆனால் தர்க்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1760களின் தொடக்கத்தில் அவர் செய்த பரிசோதனையைப் போல் எளியதும் அழகியதுமான பரிசோதனையை விஞ்ஞான சரித்திரத்தில் காண்பது அரிது என்பது என் அபிப்பிராயம். ஒரே மாதிரியான இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 5 அவுன்ஸ் நீர் ஊற்றினார். ஒன்றிலுள்ள நீரை உறையவைத்தார். மற்றதிலுள்ள நீரை உறையாத அளவுக்கு, பாரன்ஹீட் அளவையில் 33 டிகிரிவரை குளிர்வித்தார். (அந்த அளவையில் உறைநிலை 32 டிகிரி.) காற்றின் உஷ்ணநிலை 47 டிகிரியாக இருந்த விசாலமான, நெருப்பில்லாத கூடத்தில் இரண்டையும் அருகருகே கம்பியில் தொங்கவிட்டுக் காத்திருந்தார். நீர் இருந்த குடுவை அரைமணி நேரத்தில் 40 டிகிரியை எட்டிவிட்டது. அதாவது அரைமணிக்கு 7 டிகிரி. பனிக்கட்டி இருந்த குடுவை உருகி நீராகி அதே 40 டிகிரியை எட்டுவதற்குப் பத்தரை மணி நேரம் ஆயிற்று.

இனி வேண்டியது பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஒரே கூடத்தில் தொங்கும் ஒரேமாதிரிக் குடுவைகள் காற்றிலிருந்து ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் உஷ்ணத்தைப் பெற்றிருக்கும். பத்தரை மணி என்பது 21 அரைமணிகள். அரைமணிக்கு 7 வீதம், பனிக்கட்டிக் குடுவைக்குள் புகுந்த உஷ்ணம் அவ்வளவு நீரை 147 டிகிரி சூடாக்கப் போதுமானது. ஆனால் உஷ்ணமானி காட்டிய ஏற்றமோ 32 முதல் 40 வரை, 8 டிகிரி மட்டுமே. மீதி 139 டிகிரிக்கு உரிய உஷ்ணம் எங்கே போயிற்று? குடுவைக்குள் நுழைந்தது நிச்சயம். வெளியே வரவில்லை என்பதும் நிச்சயம். பாதரசமோ அதைப் பார்த்ததாகவே சொல்லவில்லை. பனிக்கட்டி நீராக மாறும் வேலையில் அது மறைந்து நின்றது. ஆகவே அதற்கு மறைந்திருக்கும் உஷ்ணம் என்று பொருள்படும் பெயரைப் பிளாக் சூட்டினார். இன்று நம் பாடநூல்கள் அதையே 'உள்ளுறை வெப்பம்' என்கின்றன. நுட்பமான கருவிகள் கொண்டு பின்னர் அளந்தபோது அவருடைய 139க்குப் பதில் 144 என்று வந்தது. ஒரு கூடம், இரண்டு குடுவைகள், பொறுமை ஆகிய மூன்றையும் மட்டும் கொண்டு இவ்வளவு நெருங்கிய விடையைக் கண்ட மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது.

கலோரி என்னும் அளவையில் சொன்னால், ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க வேண்டிய உஷ்ணம் ஒரு கலோரி. ஒரு கிராம் பனிக்கட்டியை, அதன் உஷ்ணநிலையைச் சிறிதும் உயர்த்தாமல், உருக்குவதற்கு மட்டும் 80 கலோரி. ஒரு டன் பனிக்கட்டியை உருக்கச் செலவாகும் உஷ்ணத்தைக் கொண்டு, உறைநிலையிலுள்ள ஒரு டன் நீரைக் கைவைக்க முடியாதபடி 80 டிகிரிக்குக் காய்ச்சிவிடலாம்.

மறைந்த உஷ்ணம் உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பிளாக்கால் சொல்ல முடியவில்லை. உஷ்ணம் என்பதே கண்ணுக்குப் புலனாகாத ஒரு திரவம், அது பொருள்களின் துவாரங்களில் புகுந்தும் வெளியேறியும் திரிகிறது என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையை அசைத்தவர் ரம்போர்டு பிரபு. மியூனிக் நகரத்து ஆயுதசாலையில் பீரங்கிகளுக்குத் துளையிடும்போது உலோகம் தாங்க முடியாதபடி காய்வதைக் கண்ட அவர், மழுங்கிய துளைக்கருவி ஒன்றைக் குதிரைகளைக் கொண்டு சுழற்றச் செய்து, அதைச் சுற்றி நீர்த்தொட்டி அமைத்துப் பார்த்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பின் சம்பந்தமே இல்லாமல், தொட்டி நீர் கொதித்தது! சூழ நின்றவர்கள் பிரமித்தார்கள். 1798இல் அவர் அதை வெளியிட்டபோது எழுப்பிய வினா மிகக் கூர்மையானது: குதிரைகள் நடக்குமளவும் உஷ்ணம் வற்றாமல் ஊறிக்கொண்டேயிருந்தால், அது உலோகத்துக்குள் முன்பே அடைபட்டிருந்த திரவமாக எப்படி இருக்க முடியும்? அது இயக்கமாகத்தான் இருக்கவேண்டும். பின்னர் 1840களில் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேயர், கீழே இறங்கும் எடைகளைக் கொண்டு நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, எவ்வளவு வேலை எவ்வளவு உஷ்ணமாகிறது என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கின்படி, 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி நீர் அடிவாரத்தில் மோதி அடங்கும்போது கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சூடேறவேண்டும்.

எல்லாப் பொருள்களும் மூலக்கூறுகளால் ஆனவை. அவை ஓயாது அசைந்துகொண்டேயிருக்கின்றன. அந்த அசைவின் வேகமே உஷ்ணநிலையாக நமக்குத் தென்படுகிறது. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் அணிவகுத்து, ஒன்றையொன்று பற்றியபடி தத்தம் இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடிகளை அறுத்து அவற்றை நடமாடவிடுவதற்கே 80 கலோரியும் செலவாகிறது. வேகத்தைக் கூட்டுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. பிடி அறும்வரை பாதரசம் நகராததன் ரகசியம் இதுதான்.

நீர் ஆவியாகும்போதும் இதே கதைதான், ஆனால் இன்னும் பெரிய அளவில். மூலக்கூறுகளை ஒன்றைவிட்டு ஒன்று முற்றிலும் பிரித்துக் காற்றிலே பறக்கவிட, கொதிநிலையில் கிராமுக்கு 540 கலோரி வேண்டும். திறந்த பாத்திரத்தில் உலை கொதிக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு விறகைத் திணித்தாலும் நீரின் உஷ்ணநிலை நூறுக்கு மேல் ஏறாது. அரிசியும் விரைந்து வேகாது. விறகெல்லாம் ஆவியாய்ப் போகும். கொதி வந்ததும் அடுப்பைத் தணிக்கும் நம் பாட்டிமார்கள் உள்ளுறை வெப்பத்தைப் பற்றிப் படித்தவர்கள் அல்லர்; ஆயினும் அவர்கள் செய்தது சாஸ்திர சம்மதமானது. அதே 540 கலோரியை ஆவி திருப்பிக் கொடுப்பதையும் சமையலறையில் காணலாம். இட்லிப் பானையின் மூடியை அவசரமாகத் திறந்தவளின் கையில் ஆவி அடித்தால், கொதிநீர் பட்டதைவிடப் பொல்லாத காயம் உண்டாகிறது. இரண்டும் நூறு டிகிரிதானே என்றால், ஒரு கிராம் கொதிநீர் உடம்பின் சூட்டுக்கு ஆறும்போது சுமார் 63 கலோரி கொடுக்கிறது. ஒரு கிராம் ஆவியோ முதலில் நீராகும்போதே 540 கலோரியைத் தோலில் கொட்டிவிட்டு, பிறகு அந்த 63ஐயும் கொடுக்கிறது. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கருவிகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட், சிறிதளவு நீராவி தன் எடையைப்போல் ஆறு மடங்கு குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதைக் கண்டு திகைத்து, விளக்கம் கேட்டுச் சென்றது பிளாக்கிடம்தான். 1765இல் அவர் நீராவி யந்திரத்தைச் சீர்திருத்தியபோது இந்த அறிவு அவருக்குத் துணையாக இருந்தது.

இனி மண்பானை. மூலையில் மணல் பரப்பி வைத்த புதுப் பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியே நீர் வெளிப்புறம் கசிந்து, அங்கே காற்றில் ஆவியாகிறது. கொதிக்காமலே ஆவியாவதானாலும் உஷ்ணக் கடனைக் கட்டாமல் எந்த மூலக்கூறும் வெளியேற முடியாது. நம் நாட்டு வெயிலில் அது கிராமுக்குச் சுமார் 580 கலோரி. அந்தக் கடனைப் பானையும் அதிலுள்ள நீரும் கட்டுகின்றன. 10 லிட்டர் கொண்ட பானையிலிருந்து ஒரு சிறு டம்ளரளவு, அதாவது 100 கிராம் நீர் ஆவியானால், மீதியுள்ள நீர் 6 டிகிரி அளவுக்குக் குளிரவேண்டும். சுற்றுப்புறத்திலிருந்தும் சிறிது உஷ்ணம் வந்து சேர்வதால் உண்மையில் சற்றுக் குறையும். பழகிப்போன பானையில் துவாரங்கள் அடைபட்டு நீர் கசியாதபோது அது குளிர்விப்பதில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில், காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருக்கும்போதும் பானை நீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. வியர்த்த உடம்பில் விசிறிக் காற்று சுகமாயிருப்பதும் இதே காரணத்தால்தான். விசிறி காற்றைக் குளிர்விக்கவில்லை, வியர்வையை ஆவியாக்குகிறது.

இப்போது டஸ்கனி கப்பலுக்குத் திரும்பலாம். அதில் வந்த பனிக்கட்டியின் ஒவ்வொரு கிராமும் 80 கலோரியை விழுங்காமல் நீராக மறுத்தது. அந்த உஷ்ணம் உள்ளே நுழைவதற்கோ வழி மிகக் குறுகலாக இருந்தது. மரப்பட்டைத் தூளின் இடுக்குகளில் சிறைப்பட்ட காற்று உஷ்ணத்தைக் கடத்துவதில் மகா மந்தமானது; கம்பளியும் வைக்கோலும் நமக்கு உதவுவது அத்தகைய காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான். மூன்றாவதாக, அளவின் மகிமை ஒன்று உண்டு. ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இருமடங்காக்கினால் அதன் கனம் எட்டு மடங்காகிறது. வெளிப்பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. உஷ்ணம் புகுவது வெளிப்பரப்பு வழியாக. அதை விழுங்குவது உள்ளே இருக்கும் பதார்த்தம். சிறுவன் கையிலுள்ள துண்டு தெருவைத் தாண்டாததும், நெருக்கி அடுக்கிய 180 டன் சமுத்திரங்களைத் தாண்டியதும் இந்த விகிதத்தின் விளைவு. சென்னைக் கடற்கரையில் எழுந்த கட்டடத்துக்கும் இதே உபாயம்தான்: பெருங்குவியலாகச் சேர்த்து, வெளியுஷ்ணம் உள்ளே புகாதபடி தடுத்து வைப்பது.

அந்த வியாபாரம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அதை அழித்ததும் பிளாக்கின் தத்துவமே. 1850களில் ஆஸ்திரேலியாவில் பத்திரிகை நடத்திவந்த ஜேம்ஸ் ஹாரிசன், அச்செழுத்துகளை ஈத்தர் என்னும் திரவத்தால் துடைக்கும்போது உலோகம் சில்லிட்டுப் போவதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். ஈத்தர் விரைந்து ஆவியாவது. ஆவியாகும்போது தன் கடனைச் சுற்றியுள்ள பொருளிடமிருந்து வசூலிப்பது. அந்த ஆவியைப் பம்பினால் இழுத்து, அமுக்கி, குளிர்வித்து மறுபடி திரவமாக்கி, மீண்டும் மீண்டும் ஆவியாகச் செய்தால், பக்கத்தில் வைத்த நீர் உறைந்தே போகும். மண்பானை செய்யும் வேலையை ஓயாமல் செய்யும் யந்திரம் அது. இத்தகைய யந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கும் வந்தன. பாஸ்டனிலிருந்து பனிக்கட்டிக் கப்பல்கள் வருவது நின்றது. சென்னைக் கட்டடம் வெறுமையாயிற்று. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை விலைக்கு வாங்கி, ஜன்னல்களும் தாழ்வாரங்களும் அமைத்து வீடாக மாற்றினார்.

ஜன்னல்களைக் கடல் பக்கமாகத் திறந்ததில் அர்த்தம் இருந்தது. ஒரு கிராம் நீருக்கு ஒரு டிகிரி ஏற ஒரு கலோரி வேண்டும்; ஒரு கிராம் மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். மேலும் கடலில் வெயில் ஆழமாக ஊடுருவிப் பரவுகிறது. அலைகள் நீரைக் கலக்குகின்றன. ஆகவே ஒரே சூரியன் காய்ந்தாலும், நண்பகலில் கடற்கரை மணல் காலைப் பொரிக்கிறது, கடல் அப்படியே இருக்கிறது. காய்ந்த நிலத்தின்மேல் உள்ள காற்று இலேசாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலின்மேலிருந்து குளிர்ந்த காற்று கரைக்கு வருகிறது. பனிக்கட்டி வைத்திருந்த நாட்களில் உள்ளே வராதபடி தடுக்கப்பட்டிருந்த அந்தக் காற்று, புது ஜன்னல்களின் வழியே பிற்பகல்தோறும் தாராளமாக உள்ளே வரத்தொடங்கியது.